வைக்கோலில் சுற்றிய அப்பா

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்பவர்கள் எதையும் வைக்கோல் வைக்காமல் வண்டியில் ஏற்றுவதில்லை. எங்கள் அப்பாவையும் அப்படித்தான் ஏற்றினார்கள்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா பகலெல்லாம் சூளை வாசலில் வெந்துகொண்டு நிற்பவர்; தண்ணீர் குடிப்பது சோம்பேறிகளின் வேலை என்று நினைப்பவர். கொலு சமயத்தில் ஒரு மத்தியானம், பிள்ளையார் பொம்மைப் பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலி விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்குகிறது என்றார். வாந்தி எடுத்தார். கிட்னியில் கல்லாகத்தான் இருக்கும் என்று அம்மா பதறினாள். அப்பாவின் கண்ணில் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன். பயத்தில் எனக்கு உடனே பசித்தது. பயந்தால் பசிப்பது என் பிறவிக் குணம். இந்த உடம்பெல்லாம் அப்படி வளர்த்ததுதான்.

ஆம்புலன்ஸ் மங்கலம்பேட்டைப் பக்கம் போயிருந்தது. வண்டி ஓட்டுகிற மாமா, அம்மாவின் தம்பி, காத்திருக்கவில்லை. பெட்டிகளுக்கு நடுவே வைக்கோலை விரித்து அப்பாவைக் கிடத்தி, இரண்டு பக்கமும் அடைகொடுத்தார். அம்மாவும் நானும் தலைமாட்டில் ஏறிக்கொண்டோம்.

வண்டி ஓடியது. ஓடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தபடியே முந்திப் போனார்.

"ஏறி மிதிடா!" என்று அம்மா கத்தினாள்.

"லோடு இருக்குதுக்கா. புள்ளையாருங்க உடைஞ்சிடும்."

"புள்ளையாரு உடைஞ்சா வேற செஞ்சுக்கலாம். இந்த மனுசன் உடைஞ்சா நான் எங்கடா போவேன்?"

மாமா மிதித்தார். பெட்டிகளுக்குள் தும்பிக்கைகள் ஒவ்வொன்றாய் உடையும் சத்தம் கேட்டது. எனக்கோ அம்மாவின் வார்த்தை நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது: அப்பா உடைவாராம்! பெட்டிகளில் ஒட்டும் சிவப்புத் தாள்கள் பக்கத்திலேயே கிடந்தன. ஒன்றை எடுத்து, ஒருக்களித்துப் படுத்திருந்த அப்பாவின் முதுகில் ஒட்டி அழுத்தினேன்.

அவசரப் பிரிவில் நர்ஸம்மா வைக்கோலைத் தட்டிவிட்டு, முதுகைச் சத்தமாகப் படித்தார்: "உடையும் பொருள். தலைகீழாக வைக்காதீர்."

"இந்தப் பார்சல் எங்கேருந்து வருது?" என்றார் டாக்டர். மாமா கைகட்டி நின்று சூளையின் முகவரியை முழுசாகச் சொன்னார்.

ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சின்னக் கல்தான், நிறையத் தண்ணீர் குடித்தால் தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். வலி அடங்கியதும் அப்பாவே விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தாளை மெதுவாக உரித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் அப்பா சூளைக்குக் கொண்டுபோகப் பெரிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பினாள். அதன்மேல் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அதே தாளை ஒட்டினாள். பிளாஸ்டிக் உடையாது என்பதுகூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே பரிதாபம். புரியட்டும் என்று பாட்டிலைத் தரையில் ஓங்கிப் போட்டுக் காட்டினேன்.

உடையவே இல்லை. ஆனாலும் என் முதுகில் ஒன்று விழுந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.