அழித்த படம்

கலேவெல பஸ் ஸ்டாண்டில் தம்புள்ளை பஸ்ஸுக்காக நிற்கிறேன். காலையிலிருந்து ஒரு நண்பரின் மிளகாய்த் தோட்டத்தில் இருந்தேன்.

பழைய கல் ஆயுதங்களைத் தேடி அலையும் என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். எதையும் எடுப்பதில்லை. கிடக்கிற இடத்திலேயே படம் பிடிப்பேன். அங்கிருந்து எடுத்துவிட்டால் அது வெறும் கல்தான்.

இன்று தண்ணீர் போகப் புதிதாக வெட்டிய கானில் ஓர் அம்பு முனை கிடந்தது. வெள்ளைக் கல், நகத்தளவு, விளிம்பு இன்னும் கூர்மை. மண்ணில் படுத்துப் படம் எடுத்தேன். நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

“மச்சான், அந்த போட்டோவ அழிச்சிருங்க.”

“ஏன்? இது ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தினது.”

“அதுதான் பயம். பழைய இடம்னு சொல்லித் தொல்பொருள் திணைக்களத்து ஆக்கள் வந்து எல்லைக் கல்லு நட்டுட்டாங்கன்னா நாங்க எங்க போறது? வாப்பா காலத்துல இருந்து செய்ற காணி. கையில காணி உறுதிப் பத்திரம் இல்ல.”

அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்படி நடந்த இடங்கள் எனக்கே தெரியும்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே படத்தை அழித்தேன். அவர் அந்த முனையை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். பிறகு உள்ளே போய் எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்தார். இருவரும் மிளகாய் விலையைப் பற்றிப் பேசினோம்.

ஆகவே இன்றைய பதிவில் படம் இல்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சொல்லுங்கள். வழக்கம்போல ‘லொக்கேஷன் அனுப்புங்க’ என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.