ஆலையை நிறுத்தியது யார்

டென்மார்க்கில் நான் வேலை செய்யும் மாட்டுத் தீவன ஆலையில், ஓடுகிற ஆலையை யாராவது நிறுத்திவிட்டால் மற்றவர்கள் அவரிடம் வந்து ‘தக்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தக் என்றால் நன்றி. நிறுத்தியது சரியா, சும்மா பயந்துபோய் நிறுத்தினாரா என்பதெல்லாம் அப்புறம்தான். இங்கே வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. அடுத்து திட்டு விழும் என்றே என் உடம்பு காத்திருக்கிறது.

முதல் நாள் பயிற்சியிலேயே ஆரம்பித்த வம்பு இது. பாதுகாப்புப் பயிற்சி தரும் கிர்ஸ்டன் என்ற அம்மா, புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவரும் சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆலையை ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார். என் முறை வந்தபோது நான் அசையவில்லை. “மேனேஜர் சொல்லட்டும்” என்றேன் என் ஆங்கிலத்தில். எனக்குக் கையில் ஏதோ வலி என்று அவர் நினைத்துக்கொண்டு, இடது கையால் அழுத்தினாலும் போதும் என்றார். அழுத்தினேன். ஆலை அடங்கியதும் என்னையறியாமல் மன்னிப்புக் கேட்டேன்.

நான் பழகி வந்த இடம் அப்படி. உத்திரமேரூர் பக்கம் மக்காச்சோளம் அரைக்கும் ஆலை ஒன்றில் எட்டு வருடம் ஃபிட்டராக இருந்தேன். அங்கே கரன்ட் போனால் ஆலை நிற்கும், பெல்ட் அறுந்தால் நிற்கும், முதலாளி சொன்னால் நிற்கும். வேறு எதற்கும் நிற்காது. காற்றில் மிதக்கும் மாவுத் தூசியில் ஒரு பொறி பட்டால் போதும், அது வெடிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒருமுறை குழாய்க்குள் தூசி குப்பென்று தீப்பிடித்ததில் கூட வேலை செய்த தாஸ் அண்ணனுக்குப் புருவம் பொசுங்கிவிட்டது. நாங்கள் அவரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதே ஆலையில், தூசியை வடிகட்டும் பைகள் தொங்கும் இடத்துக்குக் கீழே, என் அக்கா செல்வி இன்னமும் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

போன முறை விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. யாரோ வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக, என் பழைய ஆலையில் வெடிப்பை அடக்கும் கருவி வைத்திருந்தார்கள். குழாய்க்குள் ஒரு கண்ணாடிக் கண் இருக்கும். அது நெருப்பைப் பார்த்த உடனே, நாம் இமைப்பதற்குள், சிவப்பு உருளையிலிருந்து பொடி சீறிப் பாய்ந்து தீயை அமுக்கிவிடும். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. முதலாளி என்னைப் பார்த்ததும், “நீ அங்க இதெல்லாம் பாத்துக்கினு கீறியே, நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போப்பா” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார்.

உருளைக்குள் இருப்பது முக்கால்வாசி போண்டாவுக்குப் போடுகிற சோடா உப்பு என்று சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் உற்சாகமாகக் கருவியின் பெட்டியைத் திறந்து காட்டினேன். அதில் சாவி ‘ஆஃப்’ பக்கம் திரும்பியிருந்தது. தலைக்கு மேல் ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

“பூஜைக்கு எல்லாத்தயும் கயட்டித் தொடச்சி மாட்டுனோம்ணா” என்றான் இப்போதைய ஃபிட்டர் மணி. “அதுலேர்ந்து விடாம கத்திக்கினே இருந்திச்சி. ஒரே பேஜாரு. அதான் சாவியத் திருப்பி உட்டேன்.”

“கண்ணாடியில எதனா பட்டுச்சா?”

அக்கா முன்னால் வந்தாள். “நான்தான் பொட்டு வெச்சேன். சந்தனமும் குங்குமமும். எல்லா மிஷினுக்கும் வெச்சிட்டு இத்த மட்டும் உட்டா சாமிக் குத்தம் ஆயிடாதா?”

கண்ணை மறைத்துவிட்டு, அது கத்தியதும் வாயையும் அடைத்திருந்தார்கள். உடனே நிறுத்த வேண்டும் என்றேன். யாரும் நகரவில்லை. “மொதலாளிய ஒரு வார்த்த கேட்டுக்கலாம்ணா” என்றான் மணி. “சரி, கேட்டுட்டு வா” என்றேன் நான். பொத்தான் எனக்கு மூன்றடி தள்ளித்தான் இருந்தது. டென்மார்க்கில் எத்தனையோ முறை அழுத்திய நான், இங்கே மணியை அனுப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

“இப்பிடியே ஓடுனா வெடிக்குமா?” என்றாள் அக்கா.

“வெடிச்சாலும் வெடிக்கும்.”

“அப்ப கேக்கறதுக்கு இன்னா கீது?” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய், உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள்.

சத்தம் நின்றதும் முதலாளி ஓடி வந்தார். “யார்ரா நிறுத்துனது?”

“நான்தான் சார்” என்றேன். அவர் முகம் உடனே மாறிவிட்டது. “நீயா? அப்ப சரியாத்தான் இருக்கும்” என்று என் தோளைத் தட்டினார். கண்ணாடியைத் துடைத்துச் சாவியைத் திருப்பி, எல்லாம் சரிபார்த்தோம். மதியமே ஆலை ஓடியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா வேகமாக முன்னால் போனாள். ஏரிக்கரை தாண்டியதும், “நான் நிறுத்துனத நீ ஏன்டா உன் பேர்ல போட்டுக்கின?” என்றாள்.

“உன்னத் திட்டுவாருன்னு…”

“திட்டட்டுமே. நாளைக்கு மறுபடியும் நிறுத்தணும்னா, நீ ஏரோப்ளேன் ஏறி வந்து நிறுத்துவியா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிட்டேன். அடுத்த வாரம் அக்கா ஒரு படம் அனுப்பினாள். பொத்தானுக்கு மேல் முதலாளி ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்: ‘நிறுத்தும் முன் இவரிடம் கேட்கவும்’. கீழே என் டென்மார்க் எண்.

என்னிடம் கேட்காமலே அழுத்து என்று ஒவ்வொரு அழைப்பிலும் அக்காவிடம் சொல்கிறேன். “சர்ரா” என்கிறாள். இங்கே தூசி உள்ள பகுதிக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. தினமும் காலையில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். அந்த நேரத்தில் அங்கே ஆலை ஓடிக்கொண்டிருக்கும்.