பாக்கியக்கா ரெஞ்சு வாங்கிய கதை

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, குன்னூர்க் கடைவீதியில் என் ஹார்டுவேர் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். அந்தப் பக்கம் சிமென்ட் படிந்த இரண்டு பூட்ஸ் தெரிந்தன. சாரம் கட்டும் ராஜுவின் பூட்ஸ். கடை திறக்கும் முன்பே அவர் வந்து நின்றால் ஏதாவது உடைந்திருக்கும், இல்லையென்றால் கிளாம்ப் தீர்ந்திருக்கும். "உள்ள வாங்க ராஜு, என்ன வேணும்?" என்றேன் குனிந்தபடியே. "ஒண்ணும் வேண்டாங்கண்ணா" என்றார். ஷட்டரை முழுதாகத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். "அக்கா போயிட்டாங்கண்ணா. அடுப்புல வெந்நி வெச்சுட்டு ஒக்காந்தாங்களாம். பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து பாக்கறப்ப மூச்சு இல்லீங்க."

பாக்கியக்காவை அறிந்த உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டடங்களுக்குப் பூச்சும் பெயின்ட்டும் அடிக்க இரும்புக் குழாய்களைக் கிளாம்ப் போட்டு இணைத்துச் சாரம் கட்டும் தொழில் அவருடையது. சேரம்பாடி எஸ்டேட் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, முப்பது வயதுவரை தேயிலைக் கொழுந்து பறித்தவர். அந்தத் தொழிலை நடத்திவந்த கணவர் இறந்தபோது, அவருடைய குழாய்களை எடைக்குப் போட்டுவிடுவார் என்றுதான் கடைவீதியில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அவரோ கணவரின் சிவப்பு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, புடவைக்கு மேல் சட்டையும் ஸ்வெட்டருமாக மறுவாரமே சாரத்தில் ஏறினார். அவர் கட்டிய சாரத்திலிருந்து கடைசிவரை ஒருவர்கூட விழுந்ததில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகையைவிடப் பெருமைதான் அதிகம் வருகிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல, என் கடையில் அவர் ஒரு ரெஞ்சு வாங்கிய கதையே போதும்.

ரெஞ்சு என்றால் பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சு. ஸ்பேனரைப் போட்டுச் சுற்றிச் சுற்றி இறுக்கும் நட்டை, விசையை அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் இறுக்கிவிடும். அக்கா அதைக் கேட்டு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரியதை எடுத்து, வைஸ் என்ற இறுக்குப்பிடியில் ஒரு போல்ட்டைப் பொருத்தி ஓட்டிக் காட்டினேன். கடையே அதிர்ந்தது. "லாரிச் சக்கரத்து நட்டையே கழட்டிரும்க்கா!" என்றேன்.

"நான் லாரி ஓட்டறதில்லீங்களே தம்பி" என்றார் அவர். பிறகு பக்கத்துப் பேக்கரியைப் பார்த்து இரண்டு டீ சொன்னார். "ஏனுங்க தம்பி, டீ வர்ற வரைக்கும் அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க பாக்கலாம்."

பிடித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஊட்டியில் மழை எப்படி, கேரட் விளைச்சல் எப்படி என்று நிதானமாக விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தோள் நடுங்கியது, பிறகு முழங்கை, பிறகு குரல். இறக்கி மேஜைமேல் வைத்துவிட்டேன். "இன்னும் டீ வரலீங்க" என்றார் சிரிக்காமல். "எங்க வேலை பூரா தலைக்கு மேலதானுங்க." டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இரண்டாம் முறை வரும்போது கையில் ஒரு துண்டுக் குழாயும் தன் கிளாம்ப் ஒன்றும் கொண்டுவந்தார். நான் விடவில்லை. இருமுறை வந்தும் வாங்காத வாடிக்கையாளர் என்றால் எனக்கு ரோஷம் வந்துவிடும். மறுபடியும் அதே பெரிய இயந்திரத்தை எடுத்துக் கிளாம்ப்பின் நட்டில் வைத்து அழுத்தினேன். ஒரு நொடிதான். போல்ட்டின் மரை, அதாவது திருகுப் புரி, வழுக்கிப் போய், நட்டு சும்மா சுற்றியது. அக்கா அதை விரலால் சுற்றிப் பார்த்தார். "இறுக்கமா இருக்குதுன்னு மேல நிக்கறவன் நெனச்சுக்குவானுங்க. இது புடிக்கவே இல்லை. தளர்ந்த நட்டாவது கண்ணுக்குத் தெரியுமுங்க தம்பி." அந்தக் கிளாம்ப்பை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும், "இந்தம்மா வாங்கற ஆளே இல்லை" என்று வாய்விட்டே சொன்னேன். என் புத்தி அன்று அவ்வளவுதான்.

மூன்றாம் முறை ராஜுவைக் கூட்டிவந்தார். ராஜு அவர் குழுவில் பல வருடமாக உச்சியில் நின்று வேலை செய்தவர். அன்று அவருடைய வலது மணிக்கட்டில் கட்டு. ஸ்பேனரைத் திருப்பித் திருப்பி நரம்பு வீங்கி, இனிமேல் ஸ்பேனர் பிடித்தால் கை முழுதாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். திருப்பூரில் ஒரு மில்லுக்குக் காவல் வேலைக்குப் போவதாக அவர் பெட்டியே கட்டிவிட்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "நடுத்தரமா ஒண்ணு இருக்குமில்லீங்க, எடுங்க" என்றார். அதன் எடை, சுற்றும் திசையை இடது கையாலும் மாற்ற வருமா, மூன்று வேகத்தில் சின்ன வேகம் எது, இயந்திரம் இறுக்கும்போது மணிக்கட்டைத் திருகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சுத்தியல்போல் அடிப்பதெல்லாம் உள்ளே நடக்கும், கையைத் திருகாது என்றேன். "அதை நீங்க சொல்ல வேண்டாம், அவன் கை சொல்லட்டும்."

டீ சொன்னார். ராஜு இடது கையால் இயந்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். பேக்கரியில் அன்றைக்கென்று கூட்டம். டீ வந்தது. ராஜு கையை இறக்கவில்லை. வலது கையின் விரல் நுனிகளால் கிளாஸைப் பிடித்து, இடது கை மேலே இருந்தபடியே டீயைக் குடித்து முடித்தார். அவர் கண்ணில் நீர் இருந்தது. "பெட்டியைப் பிரிச்சுர்றா" என்றார் அக்கா.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "மொதல்லயே இவருக்குன்னு சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். "சொல்லியிருந்தா பாவம்னு எதையாச்சும் எடுத்துக் குடுத்திருப்பீங்க. நான் மிஷினைப் பாக்க வந்தேனுங்க. அவனைப் பாவம் பாக்க வரலீங்க." கொழுந்து பறித்த காலத்தில் தனக்கும் அதே மணிக்கட்டு வலி வந்ததையும், லீவு கேட்டபோது யாரும் நம்பாததையும் பிறகு வேறொரு நாள்தான் சொன்னார்.

வாங்கிய பிறகும் என்னை விட்டாரா? அவலாஞ்சிப் பக்கம் ஒரு விடுதிக்குச் சாரம் கட்டப் போனது உறைபனிக் காலம். காலையில் போன் வந்தது. "தம்பி, உங்க பேட்டரிக்குக் குளுருதுங்க." கொட்டகையில் கிடந்த பேட்டரி விறைத்து, இயந்திரம் இரண்டு முக்கு முக்கிவிட்டு நின்றுபோயிருக்கிறது. அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அக்கா பழைய கம்பளியை வெட்டிப் பேட்டரிக்கு உறை தைத்துவிட்டார். அதன்பின் பனிக்காலத்தில் ராஜுவின் ஸ்வெட்டருக்குள் ஒரு பேட்டரி எப்போதும் புடைத்துக்கொண்டிருக்கும். இயந்திரத்தைக் குழாயோடு கயிற்றால் கட்டித்தான் மேலே பயன்படுத்த வேண்டும் என்பதும் அக்காவின் சட்டம். "கீழ போற தலை யாரோடதுன்னு நமக்குத் தெரியாதுங்க" என்பார். இத்தனைக்குப் பிறகும், ராஜு இறுக்கிய ஒவ்வொரு நட்டையும் தானே ஏறி ஒருமுறை ஸ்பேனரால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பெயின்டர்களை ஏறவிடுவார்.

அந்தப் பெரிய இயந்திரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை வேறொரு காண்ட்ராக்டருக்கு விற்றேன், அதே லாரிச் சக்கரக் கதையைச் சொல்லி. அடுத்த காற்று மழையில், ஒரு தேயிலை ஃபேக்டரியின் பின்சுவரில் அந்தக் காண்ட்ராக்டர் கட்டிய சாரம் ஆடத் தொடங்கியது. நல்லவேளை, ஆட்கள் இறங்கிவிட்டார்கள். சரிசெய்ய அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டிப் புதிதாகக் குழாய் நட்டுத் தாங்கு கொடுத்துவிட்டு, ராஜு மெதுவாக மேலே ஏறினார். இடது கையால் ஒவ்வொரு கிளாம்ப்பாகக் கழற்றி மாற்றினார். கீழே சிவப்பு ஹெல்மெட்டோடு அக்கா நின்று, அவர் தொடும் ஒவ்வொரு நட்டையும் கண்ணால் பின்தொடர்ந்தார். காற்று அடித்துக்கொண்டேயிருந்தது. சாரம் அசையவில்லை. இந்த ஊர்க்காரன் என்பதில் அவ்வளவு பெருமைப்பட்டதும், கடைக்காரன் என்பதில் அவ்வளவு கூனிப்போனதும் அந்த ஒரே நாளில்தான்.

வேலை முடிந்து கடைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "பாதிக் கிளாம்ப்புல மரை போச்சுங்க தம்பி" என்றார். "அவங்களுக்கு விக்கறப்ப டீ சொல்லலீங்களா?" அவ்வளவுதான். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மேஜைக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் வருமாறு ஒரு குழாயைப் பொருத்தினேன். அன்றிலிருந்து அந்தக் குழாயில் இறுக்கிப் பார்க்காத யாருக்கும் நான் ரெஞ்சு விற்றதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ராஜு வந்தார். குழுவை இப்போது அவர்தான் நடத்துகிறார். இன்னொரு இயந்திரம் வேண்டும் என்றார். பழையதைப் போலவே ஒன்றை எடுக்க ஏணியில் காலை வைத்தேன். "எடுக்காதீங்கண்ணா. செல்வின்னு ஒருத்தங்க புதுசா வேலைக்குச் சேந்திருக்காங்க. அவங்களுக்குச் சின்னக் கை. நாளைக்குக் கூட்டியாறேன்." மறுநாள் செல்வி வந்து, இருப்பதிலேயே சிறியதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அக்கா நின்ற அதே இடத்தில் ராஜு கையைக் கட்டிக்கொண்டு நின்று, மழை எப்படி, கேரட் எப்படி என்று என்னிடம் விசாரித்தார். டீ வந்த பிறகுதான், "இறக்கலாங்க" என்றார் ராஜு.

அக்கா விட்டுப்போன அந்த மரை போன கிளாம்ப் என்னிடம் இருக்கிறது. தலைக்கு மேலுள்ள குழாயின் ஓரத்தில் மாட்டியிருக்கிறேன். இது என்ன என்று கேட்பவர்களிடம், என் தவறு என்று சொல்கிறேன். எந்த மிஷின் நல்ல மிஷின் என்று கேட்பவர்களிடம், முதலில் உங்கள் ஆளைக் கூட்டி வாருங்கள் என்கிறேன்.