என் கேதத்துக்கு நானே போன கதை

என் மருமகள் பள்ளிக்கூடத்து டீச்சர். போன மாசியில் அவளும் கூட வேலை பார்க்கிற ஒரு வாத்தியாரும் சேர்ந்து நாடகம் ஒன்று எழுதினார்கள். பார்க்கிற நாடகம் இல்லை, போனில் காதால் கேட்கிற நாடகம். காலத்துக்குள் போய்வருகிற வண்டி ஒன்றைக் கண்டுபிடித்த பொம்பளை, அதில் ஏறித் தான் சாகப்போகிற நாளுக்கே, தன் கேத வீட்டுக்கே போய் இறங்குகிறாள். அங்கே அவள் உடம்பு கிடக்கிறது. பக்கத்தில் சாவு நிற்கிறது. அதோடு அவள் பேசுகிறாள். அதுதான் கதை.

கிழவி குரல் வேண்டுமாம். "அத்தை, நீங்க பேசுறீகளா?" என்று மருமகள் கேட்டு வாய் மூடவில்லை, சரி என்றுவிட்டேன். என் தொண்டைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு மதிப்பு உண்டு. கண்மாய்க்கரையில் நின்று கூப்பிட்டால் கடைசிக் காட்டில் களை எடுக்கிறவள் திரும்பிப் பார்ப்பாள்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "இருக்கையிலயே நம்மளப் பேச விடமாட்டா. செத்தும் பேசப் போறாளாக்கும்" என்றார்.

பருத்தி எடுத்த சமயம். உள்வீட்டில் உத்தரம் முட்டக் குவிந்து கிடந்தது. அதற்குள் நின்று பேசினால் எதிரொலி வராது என்று வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். வண்டி கிளம்புகிற சத்தத்துக்கு என் கிரைண்டரை வெறுமனே ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டார். காலத்தைத் தாண்டுகிற வண்டி இட்லிக்கு ஆட்டுகிற சத்தத்தோடுதான் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

காகிதத்தைக் கையில் கொடுத்தபோது வந்தது வினை. நான் மூணாங்கிளாசோடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பஸ் போர்டு படிப்பேன், படித்து முடிக்கும் வரை பஸ் நிற்கவேண்டும், அவ்வளவுதான். "ம... ர... ண... மே..." என்று நான் இழுக்க, வாத்தியார் நாலு தடவை நிறுத்தி நிறுத்தி எடுத்தார். பிறகு மருமகளை வாசல் பக்கம் கூப்பிட்டு, "அம்மாவுக்கு எதுக்குச் சிரமம் டீச்சர்? பாலவனத்தத்துல எங்க பெரியம்மா இருக்காங்க, நல்லாப் படிப்பாங்க" என்றார். மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

சுருக்கென்றது. இதை விட்டுவிட்டால் இனி எங்கே போனாலும் நான் படிக்கத் தெரியாத கிழவிதான்.

"ஏ சாமி, இங்க வாங்க" என்றேன். "காகிதத்த நீங்களே வச்சுக்கங்க. என்னைய அந்தக் கேத வீட்டு வாசல்ல இறக்கி மட்டும் விடுங்க, நான் பேசுறேன். சரியில்லைன்னா உங்க பெரியம்மாவக் கூப்பிடுங்க. நானே காப்பி போட்டுக் குடுக்கேன்."

வாத்தியார்தான் சாவு. குரலைத் தாழ்த்தி, "பெண்ணே, இதோ கிடப்பது நீதான். என்னைக் கண்டு பயமில்லையா?" என்றார்.

"இரும்யா, ஒம்மகிட்டப் பெறகு வாரேன்."

கேத வீட்டுக்குள் நுழைகிறவள் சாவையா பார்ப்பாள்? யார் யார் வந்திருக்கிறார்கள், பிறந்த வீட்டுக் கோடி வந்துவிட்டதா என்றுதானே பார்ப்பாள்? பொம்பளை செத்தால் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துகிற புதுச்சேலைதான் கோடி. நானும் அதைத்தான் பார்த்தேன்.

"இது யாரு எடுத்த கோடி? என் தம்பியா? கண்ணாடி கணக்கா இருக்கு. கொசு உள்ள வந்து ஒக்காந்துட்டுப் போகும். ஏலே, ஒத்த அக்காளுக்கு இதத்தானா எடுத்த?" பிறகு சாவு பக்கம் திரும்பினேன். "ஒம்மகூட வரணுமாக்கும்? வாரேன்யா, பயமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா இந்தச் சேலையோட வரமாட்டேன்."

மருமகள் பருத்திக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் பெரியம்மா பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

நாடகம் போனில் வந்த மறுநாள், எம்.ரெட்டியபட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் என் தம்பி வந்து இறங்கினான். அறுபத்தெட்டு வயசு. முகம் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தது.

"ஏக்கா, நானா அப்பிடிச் சேலை எடுப்பேன்? டீக்கடையில பத்துப் பேரு கேக்குறான், 'அக்காளுக்குக் கொசுவலை எடுத்தியாமே'ன்னு!"

"ஏலே, அது நாடகம்டா."

"நாடகம்னா? கொரலு ஒன் கொரலு. ஒனக்கு வேற தம்பி இருக்கானா?"

மருமகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அந்த வண்டியக் கெளப்பும்மா. நான் போயி நியாயம் கேக்கணும்" என்று பருத்திக்குள் போய் நின்றுகொண்டான். வாத்தியாருக்குப் போன் போட்டு வரவழைத்தோம். கிரைண்டர் ஓடியது. அருப்புக்கோட்டையில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த சேலை என்று அவன் சத்தம் போட, நான் கரையைக் குறை சொல்ல, அவன் கல்யாணத்துக்கு நான் முகூர்த்தத்தன்றைக்குத்தான் வந்தேன் என்று அவன் தோண்டி எடுக்க, அன்றைக்கு யார் எனக்கு இலை போட்டார்கள் என்று நான் கேட்க, அரை மணி நேரம். நடுவில் மூன்று தடவை சாவு, "பெண்ணே..." என்று ஆரம்பித்தது. இடம் கிடைக்கவில்லை.

கடைசியில் வாத்தியார் பருத்தி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இவுக பேசி முடிக்கிற வரைக்கும் சாவு இந்த வீட்டுக்குள்ள வராது டீச்சர். அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியேதான் இரண்டாம் பாகமாகப் போட்டார்கள்.

தம்பி மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். கேத வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். அவன் வாசலில் ஒரு தடவை, தெருமுனையில் ஒரு தடவை, பஸ் படியில் ஏறிய பிறகும் ஒரு தடவை, "வாரேன்க்கா! வாரேன்க்கா!" என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டுப் போனான்.