வாயில் குண்டூசி

கீழ்க்கட்டளையில் தையல் கடை வைத்திருக்கும் குல்ஷனுக்கு வாய் சும்மாவே இருக்காது. யார் வந்தாலும் வம்பளந்துவிட்டுத்தான் டேப்பையே கையில் எடுப்பாள்.

போன மாசம் தீபா தன் பழைய பிளவுஸைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று தொங்கியது. "இன்னாம்மா, டயட்டா?" என்று கேட்க குல்ஷனுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் பிளவுஸில் குத்துவதற்காக நாலு குண்டூசியை உதட்டில் கவ்வியிருந்தாள். கேட்க முடியாமல், தொங்கிய துணியை இரண்டு பக்கமும் மடித்துப் பிடித்தாள்.

"அம்மா போனதுலேருந்து சோறே எறங்கலக்கா," என்றாள் தீபா, கண்ணாடியைப் பார்த்தபடியே. அப்புறம் மடமடவென்று பேசினாள். அவள் அழுது முடிக்கும்வரை குல்ஷன் வாயிலிருந்து ஊசியை எடுக்கவேயில்லை.

இப்போதெல்லாம் வெறும் கொக்கி தைக்க யாராவது வந்தாலும், குல்ஷன் முதலில் குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறாள்.