ராஜாளிக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

அந்தக் குடியிருப்பில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் ஓட்டுகிறவர் அல்ல. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டின் இரும்புக் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். இருபத்தாறு வருஷமாக அவருக்குச் சம்பளம் வந்ததே சந்தேகப்பட்டதற்குத்தான். "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கயிற்றின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அந்தப் புத்தி வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா? மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அவள் எடுத்துத் தருகிற மாத்திரையையும் அட்டையில் தேதி பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். "விஷம் வைக்கிறதா இருந்தா கல்யாணமான வருஷமே வச்சிருப்பேன்" என்பாள்.

மெஷின் அறைகள் மொட்டைமாடியில் இருக்கும். அங்கே ஏறி இறங்கியதில் பறவை பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஸ்கோப் வாங்கினார். முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி அது. இந்த வருஷம் எதிர்ச்சாரி அலுவலகக் கட்டடத்தில், பன்னிரண்டாம் மாடி ஜன்னலுக்குக் கீழே, ஏசி பெட்டியின் இடுக்கில் ஒரு ஜோடி ராஜாளி குடிவந்திருந்தது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் மாடியில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

ஒரு திங்கட்கிழமை குடியிருப்புச் சங்கச் செயலாளர் மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. முகம் சரியில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எதிர்க் கட்டடத்துலேர்ந்து புகார் வந்திருக்கு. யாரோ தினமும் மாடியில நின்னு ஜன்னலைப் பாக்குறாங்களாம்."

"நான் பறவை பாக்குறேன் சார்."

"எந்தப் பறவை?"

அவர் விலகி நின்று ஸ்கோப்பைக் காட்டினார். செயலாளர் குனிந்து பார்த்தார். ராஜாளி இரை தேடப் போயிருந்தது. ஏசி பெட்டிக்கு மேலே மூடிய ஜன்னல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. செயலாளர் நிமிரும்போது குரல் மாறியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல இதை எடுத்தாகணும். கையில போட்டோ ஏதாவது இருந்தா கொண்டு வாங்க."

மூன்றாம் மாடிக்காரன் தூண்டிவிட்ட வேலையாகத்தான் இருக்கும் என்று லிஃப்ட்காரர் முடிவுகட்டினார். போன வருஷம் அவன் வீட்டுச் சோபாவை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று இவர் மறித்திருந்தார். ஆனால் அவனைச் சந்தேகிப்பதால் பறவையின் படம் வந்துவிடுமா? செல்போனை ஸ்கோப்பில் கண் வைக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பு வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ நடுங்கியது. ராஜாளி என்றும் சொல்லலாம், பழந்துணி என்றும் சொல்லலாம்.

மனைவியின் தம்பி போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் முழங்கை நீளத்துக்கு ஒரு கேமராவை எடுத்து வைத்தான்.

"மாமா, இதை எடுத்துட்டுப் போங்க. இதுக்கு மேல ஒன்னு கிடையாது."

இவ்வளவு நல்லதை ஏன் கொடுக்கிறான்? கழற்றிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அதன் அகன்ற வில்லைக்கு முன்னால் ஸ்கோப்பின் துவாரம் சட்டைப் பொத்தான் அளவுதான். படத்தின் நடுவில் சின்ன வட்டம், சுற்றிலும் இருட்டு. கனம் தாங்காமல் முக்காலியும் தலை குனிந்தது. "உன் கேமரா மேல குத்தமில்லடா" என்று திருப்பிக் கொடுத்தார். மச்சான் முகம் சுண்டியது.

புதன்கிழமை சாயங்காலம், ஸ்கோப்பையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டே கடைவீதியிலுள்ள கேமராக் கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இந்த ஜூம் கேமராவை வாங்கினீங்கன்னா அந்தக் குழாயே வேண்டாம் சார்."

"குழாய் வேணும். குழாய்க்கு ஏத்த கேமராதான் வேணும்."

கடை வாசலில் முக்காலியை விரித்து, தெருக்கோடியில் இருந்த பல் டாக்டர் பலகையைக் குறிவைத்தார். ஜூம் கேமராவை உயிர்ப்பித்ததும் அதன் மூக்கு நீண்டு வந்து ஸ்கோப்பில் டக்கென்று முட்டியது. அடுத்ததில் நான்கு மூலையும் கறுப்பு. இன்னொன்றில் படம் முழுசாக வந்தது. ஆனால் பொத்தானை அழுத்திய அதிர்வில் டாக்டர் பெயர் இரண்டாகத் தெரிந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அலமாரியின் கீழ்த்தட்டில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பழைய கேமரா கிடந்தது. சின்ன வில்லை, அதுவும் வெளியே நீளாமல் உள்ளேயே நகருவது. மூன்று மடங்கு ஜூம். பொத்தானை அழுத்திக் கையை எடுத்தபின் இரண்டு விநாடி கழித்துத் தானே படம் பிடிக்கும்.

"அது வேண்டாம் சார்" என்றார் கடைக்காரர்.

விற்கிறவனே வேண்டாம் என்றால் உள்ளே என்ன இருக்கிறது? லிஃப்ட்காரர் கேமராவைத் திருப்பி, அடிப்பக்கத்துத் திருகாணிகளை வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றின் தலை தேய்ந்திருந்தது.

"இதைத் திறந்திருக்காங்க."

"நான்தான் திறந்தேன். பொத்தான் போயிடுச்சு, மாத்தினேன். அதனாலதான் வேண்டாம்னேன்."

லிஃப்ட்காரர் கடைக்காரர் முகத்தையே பார்த்தார். எங்கே பழுதானது, யார் கை வைத்தது என்று தெரிந்த மெஷினை அவரால் நம்ப முடியும். பழுதே வராதது என்று சொல்லப்படுவதைத்தான் நம்ப முடியாது. இருந்தும் நாற்பது படம் எடுத்துப் பார்த்தார். நாற்பதிலும் டாக்டர் படித்த படிப்பெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி விழுந்திருந்தது. அதையே வாங்கிக்கொண்டார்.

வியாழன், வெள்ளி இரண்டு காலையும் ராஜாளி வஞ்சகமில்லாமல் உட்கார்ந்து கொடுத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் படங்களை மச்சானின் ஸ்டுடியோவில் பெரிய திரையில் போட்டார்கள். மார்பின் வரிகள், மஞ்சள் கால், நகத்தில் ஒட்டிய சிறகு எல்லாம் தெரிந்தது. மச்சான் கோபத்தை மறந்து, "அசத்திட்டீங்க மாமா" என்றான். அப்புறம் விரலைத் திரையில் வைத்தான்.

"இது என்ன?"

ராஜாளிக்கு மேலே, ஜன்னல் மறைப்பின் பட்டை ஒன்று லேசாகத் தூக்கியிருந்தது. இரண்டு விரல். அந்த இடுக்கில் ஒரு கண். நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்த படத்திலும்.

இத்தனை நாள் அவர் ஜன்னலையே பார்க்கவில்லை என்பது சத்தியம். அந்தக் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு ஆள், ஒரு குழாய், தினமும் அதே நேரம். அந்த இடத்தில் அவர் இருந்திருந்தால் போலீசுக்கே போயிருப்பார்.

அன்றே எதிர்க் கட்டடத்துக்குப் போய், வரவேற்பறையில் விவரம் சொல்லிக் காத்திருந்தார். கட்டட வரைபடம் போடுகிற நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். காவலாளியையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டாள்.

"நீங்கதானா?"

"நான்தாம்மா." கேமராவை மேசைமேல் வைத்து, அவள் பக்கம் தள்ளினார். "நீங்களே பாருங்க."

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "இது எங்க இருக்கு?"

"உங்க ஜன்னலுக்குக் கீழ. ஏசி பெட்டிகிட்ட."

"அந்தப் பிறாண்டுற சத்தம்..." அவள் நிறுத்தினாள். "எலின்னு நினைச்சேன். திங்கட்கிழமை மருந்து வைக்க ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

"வேண்டாம்மா. உள்ள குஞ்சு இருக்கு."

அவள் மேலும் படங்களைத் தள்ளினாள். தன் கண் விழுந்த படத்துக்கு வந்ததும் முகம் இறுகியது. "ஒரு மாசமா ஜன்னலை மூடி விளக்குப் போட்டுக்கிட்டு வேலை பாக்குறேன், தெரியுமா? பறவைன்னு நீங்க முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். தோணல."

தான் தெரிந்த படங்களையெல்லாம் அவளே அழித்தாள். வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டாள். அவர் அங்கேயே மச்சானைப் போனில் கூப்பிட்டு, அவள் காதுபட அழிக்கச் சொன்னார். அவள் நம்பினாளா என்பது தெரியவில்லை. கடைசியில் சொன்னாள்: "ஆபீஸ் இருக்குற நாள்ல பாக்காதீங்க. சனி, ஞாயிறு எடுத்துக்கோங்க. எலி மருந்து வேண்டாம்னு சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் படங்களைக் காட்டினார். அந்த ஏற்பாட்டையும் சொன்னார். கூட்டம் ஏற்றுக்கொண்டது, ஆனாலும் சனிக்கிழமைகளில் செயலாளர் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு மாடிக்கு வந்து எட்டிப் பார்ப்பதை விடவில்லை. மூன்றாம் மாடிக்காரனிடம் லிஃப்ட்காரர் தானாகவே ஒரு வணக்கம் வைத்தார். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். புதன்கிழமை அவர் வேலையிலிருந்து திரும்பும்போது செயலாளர் வாசலில் நிறுத்தினார். அந்தப் பெண் தன் நம்பரை இவருக்குக் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. செய்தி செயலாளர் மூலம்தான் வந்தது.

"குஞ்சு ஒன்னு பறந்துடுச்சாம். காலையில பத்தரைக்கு. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

பறந்ததா, விழுந்ததா? அவள் மேலேயிருந்து பார்த்தவள், எப்படித் தெரியும்? பையைக்கூட வீட்டில் வைக்காமல் தெருவைத் தாண்டி, அந்தக் கட்டடத்தின் அடியை மூன்று சுற்றுச் சுற்றினார். செடித் தொட்டிகளுக்குப் பின்னால், நின்ற வண்டிகளுக்கு அடியில், குனிந்து குனிந்து தேடினார். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.