ஆடாத கேரியர் ஆடிய கதை

என் அக்காவை உறவுக்காரர்கள் யாரும் மனமுவந்து வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. வந்து உட்காருவாள். உட்கார்ந்த நாற்காலி லேசாக ஆடும். அடுத்த நிமிடம் நாற்காலி தலைகீழாகக் கிடக்கும், கைப்பையிலிருந்து ஸ்பேனர் வெளியே வரும், டீத் தட்டோடு வந்த சித்தி அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பாள். பெரியப்பா வீட்டில் ஒருமுறை குக்கர் பிடியை இறுக்குகிறேன் பேர்வழி என்று ஆரம்பித்து, கதவு, ஜன்னல், கட்டில் என்று போய், கடைசியில் பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடியில் வந்து நின்றாள். பெரியம்மா மட்டும் சந்தோஷப்பட்டாள். கட்டில் அன்றோடு கிறீச்சிடுவதை நிறுத்திவிட்டதாம்.

பட்டறையில் அவளுக்கு 'டைட்டு' என்று பெயர். கார்களுக்குப் பின்னால் இழுவைக் கொக்கி பொருத்துவதும், அதில் சைக்கிள் மாட்டும் கேரியர் பூட்டுவதும் அவள் வேலை. எனக்கு அதே பட்டறையில் மேசை வேலை. யார் வந்தார்கள், என்ன கோளாறு என்று பதிவேட்டில் எழுதுவேன். அக்கா முடித்து அனுப்பிய வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததாகப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. தங்கை என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் உண்டு.

அந்த மாதத் தொடக்கத்தில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். "எனக்கு முடியலம்மா. பட்டறைய நீயே எடுத்து நடத்து. மாசக் கடைசிக்குள்ள சொல்லு. இல்லேன்னா பக்கத்து டயர் கடைக்காரர் கேக்குறார்" என்றார். அக்கா இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாள். ஆனாலும் கேட்டவுடன் சரி என்றால் கௌரவம் என்னாவது? "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குதித்தாள். சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

அந்த வாரச் சனிக்கிழமைதான் ஒரு நூலகர் தன் அம்மாவோடு வந்தார். பக்கத்தில் யாரோ படித்துக்கொண்டிருப்பது போலவே எப்போதும் பேசுகிற மனிதர். அவர் காரின் பின்னால் கேரியர், அதில் இரண்டு சைக்கிள். ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் அம்மாவுடையது. அம்மா ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். அறுபத்தைந்து வயதிலும் மகனை முந்திக்கொண்டு மிதிப்பவர். குரலில் விசில் இன்னும் மிச்சம் இருந்தது.

"ரோட்டுல போனா பாத்திரக்கடைக்குள்ள யானை புகுந்த மாதிரி லொடலொடங்குதும்மா!" என்றார் டீச்சர்.

அக்கா கேரியரின் நுனியைப் பிடித்து உலுக்கினாள். கேரியர் ஆடியது, கார் சும்மா நின்றது. "பாத்தீங்களா? நல்லாப் பூட்டியிருந்தா, இதை ஆட்டுனா காரே சேர்ந்து ஆடணும்" என்றாள். காரின் இழுவைக் கொக்கியில் இருக்கும் சதுரக் குழாய்க்குள் கேரியரின் குழாய் நுழைகிறது. இரண்டுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி. குறுக்கே போட்டிருக்கும் பின், கேரியர் கழன்று விழாமல் காக்குமே தவிர ஆட்டத்தை நிறுத்தாது. அக்கா இரண்டு குழாயையும் சேர்த்து ஒரு கவ்வியைப் போட்டு, அதன் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினாள். பெடல்களைப் பட்டையால் கட்டினாள். மறுபடி உலுக்கினாள். கார் ஆடியது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த டீச்சரும் சேர்ந்து ஆடி, "பலே!" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கார் திரும்பி வந்தது. லொடலொட.

அக்கா நம்பவே இல்லை. நட்டுக்கு அடியில், அது கழலாமல் பிடிக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி லொடலொட. பின்னை எடுத்துவிட்டு மரை போட்ட போல்ட்டே போட்டாள். நான்காவது சனிக்கிழமையும் லொடலொட. ஒவ்வொரு தடவையும் அக்கா காருக்கு அடியில் படுத்திருக்க, டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னம்மா சாப்பிடுவே? கோவம் வருமா? என் பையன் நல்லா சமைப்பான் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நூலகர் குனிந்து டார்ச் பிடிப்பார். வெளிச்சம் நட்டின் மேல் விழாமல் அக்கா முகத்தின் மேல் விழும். பாவம், மனிதருக்கு டார்ச் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதுமே புத்தி கொஞ்சம் லேட்.

அந்த நான்காவது சனிக்கிழமை அக்கா என் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, நட்டிலிருந்து தகடுவரை ஒரு கோடு போட்டாள். நட்டு தானாக நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு நட்டை நிக்க வைக்கத் தெரியாதவ பட்டறைய என்னத்த நடத்துறது? டயர் கடைக்காரருக்கே குடுக்கச் சொல்லிடப் போறேன்" என்றாள். அப்போது சாப்பாட்டு மேசை ஆடியது. அவள் எழுந்திருக்கவில்லை.

மாதக் கடைசியும் ஒரு சனிக்கிழமை. உள்ளே முதலாளி காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். எதிரே டயர் கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் லொடலொட. அன்று மட்டும் டீச்சர் வாயே திறக்காமல் இறங்கினார்.

அக்கா அடியில் போனாள். பிறகு நட்டைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். நகப்பூச்சு உரிந்திருந்தது. நட்டின் முனைகள் மழுங்கிப் போயிருந்தன.

"இது தானா கழலல! யாரோ வாய் பொருந்தாத ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டுத் திருகியிருக்காங்க. யாரு?"

நூலகர் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது.

"கத்தாதம்மா. நான்தான்" என்றார் டீச்சர். "கேரியர் நல்லா இருந்தா உன்னை வாராவாரம் எப்படி வந்து பாக்குறது? மருமக தேவைன்னு வீட்டு வாசல்ல போர்டா மாட்ட முடியும்?"

அக்கா காதில் மருமகள் என்ற சொல் விழவே இல்லை. "அப்போ நான் போட்டது தானா கழலலையா?"

"எங்க கழல்றது! மூணு தடவையும் கழட்டுறதுக்குள்ள என் தோள்பட்டை போச்சு!"

அக்கா போட்ட கூச்சலில் தெருநாய் எழுந்து ஓடியது. கை முழுக்க கிரீஸோடு டீச்சரைக் கட்டிக்கொண்டாள், உள்ளே ஓடினாள், "பட்டறை எனக்குத்தான் முதலாளி!" என்று பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். டயர் கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் சட்டையெல்லாம் டீ. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை எடுத்தேன்.

"டீச்சர், மூணுன்னீங்க. கோளாறுன்னு திரும்பி வந்தது நாலு தடவை ஆச்சே?"

"மூணுதான். பொண்ணு இளைச்சுப் போறாளேன்னு இந்த வாரம் நான் ஸ்பேனரையே தொடல. அதுவும் நான் துணி சுத்தித்தான் கழட்டுவேன். நட்டு ஏன் மழுங்குது?" என்றவர், பாதியில் நிறுத்தி மகன் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் திரும்பினோம். நூலகரின் காது மடல்கள் என் நகப்பூச்சைத் தோற்கடித்தன.

"நீ இந்த வாரம் கழட்டலம்மா" என்றார், நூலகத்துக் குரலில். "அதான்..."

பேனாவை இன்னும் கையில் பிடித்திருந்த அக்கா அவர் எதிரே வந்து நின்றாள். நட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"நல்ல நட்டைக் கடிச்சுக் குதறி வச்சிருக்கீங்க" என்றாள். "இனிமே வரணும்னா சும்மாவே வாங்க."